கோங்ஸ்ஃபியோர்டு: நிலக்கரி ஊரும் கடற்பாசிக் காடும்

கோங்ஸ்ஃபியோர்டு, நார்வேக்கு உட்பட்ட ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தில், ஸ்பிட்ஸ்பெர்கன் தீவின் மேற்குக் கரையை ஊடுருவிச் செல்லும் ஒரு கடற்கழி. பனியாறுகள் பள்ளத்தாக்கைக் குடைந்து ஆழப்படுத்திய பின் பின்வாங்க, அந்தப் பள்ளத்தில் கடல்நீர் புகுந்து உருவாகும் கழிகளை ஃபியோர்டு என்பர். இது வட அட்சம் 79 பாகையில் அமைந்துள்ளது. நீளம் 20 கிலோமீட்டருக்கு மேல். அகலம் இடத்துக்கு இடம் 4 முதல் 10 கிலோமீட்டர் வரை. இங்கு முதலில் தோண்டப்பட்டது நிலக்கரி. அதே கரையில் இன்று அளக்கப்படுவது, கடலுக்கடியில் வளரும் பாசிகள் எவ்வளவு கார்பனைச் சேர்க்கின்றன, அதில் எவ்வளவு ஆழ்கடலுக்குப் போய்ச் சேருகிறது என்பது. பூமியின் கார்பன் சுழற்சியில் துருவக் கடற்பாசிகளுக்கு உள்ள இடத்தை அறிவியல் எப்படிப் படிப்படியாக அறிந்துகொண்டது என்பதை இந்த ஒரு கழியின் வரலாற்றைக் கொண்டே சொல்லிவிடலாம்.

கழியும் நீரும்

கோங்ஸ்ஃபியோர்டின் கிழக்குக் கோடியில் குரோனேபிரீன், கோங்ஸ்வேகன், கோங்ஸ்பிரீன் ஆகிய பனியாறுகள் நேராகக் கடலில் வந்து முடிகின்றன. கோடையில் அவற்றிலிருந்து உருகி வழியும் நீர் நுண்ணிய வண்டலைச் சுமந்து வந்து கழியின் உட்பகுதியைச் செம்மண் குழம்பாகக் கலக்கிவிடுகிறது. மேற்கே கழியின் வாய் திறந்த கடலை நோக்கியிருக்கிறது. அந்த வாயில் நீரோட்டத்தைத் தடுக்கும் உயரமான கடலடி மேடு எதுவும் இல்லை. அதனால் அட்லாண்டிக்கிலிருந்து வடக்கே வரும் மேற்கு ஸ்பிட்ஸ்பெர்கன் நீரோட்டத்தின் வெதுவெதுப்பான, உப்பு மிகுந்த நீர் அவ்வப்போது உள்ளே புகுகிறது. ஒரே கழிக்குள் வெளிப்பக்கம் அட்லாண்டிக் தன்மையும் உட்பக்கம் ஆர்க்டிக் தன்மையும் கொண்டதாக இருப்பது இதன் சிறப்பு. ஆழமான இடங்களில் அடித்தளம் 400 மீட்டரை நெருங்குகிறது. பாசிகள் வளரும் பாறைக் கரைக்கும் அந்த ஆழத்துக்கும் இடையே தூரம் அதிகமில்லை. கார்பன் கணக்கில் இந்த நெருக்கம் முக்கியமானது.

ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் பிற்பகுதி வரை இங்கு சூரியன் மறைவதில்லை. அக்டோபர் இறுதியிலிருந்து பிப்ரவரி நடுப்பகுதி வரை உதிப்பதில்லை. கடலில் பனி மூடிய காலங்களில், சூரியன் திரும்பிய பின்னும் நீருக்கடியில் இருள் நீடித்தது. ஒளியை நம்பி வாழும் எதற்கும் இது மிகக் கடினமான ஆண்டு. ஆனாலும் கரையோரப் பாறைகளில், ஓதக்கோட்டிலிருந்து கீழ்நோக்கி, கெல்ப் எனப்படும் பெரும் பழுப்புப் பாசிகள் காடாக அடர்ந்து நிற்கின்றன. ஆழம் குறைந்த இடத்தில் நடுநரம்பு கொண்ட அலாரியாவும், விரல் விரலாகப் பிளந்த லாமினேரியா டிஜிட்டேட்டாவும் உள்ளன. சற்றுக் கீழே நீண்ட ஒற்றை ஓலையாகச் சுருக்கம் விழுந்து கிடக்கும் சக்கரைனா லாட்டிசிமா. அதற்கும் கீழே, ஒளி மங்கிய இடத்தில், சிறிய செம்பாசிகள்.

நிலக்கரியின் காலம்

இந்தக் கரையின் நிலக்கரி ஏறத்தாழ 6 கோடி ஆண்டுகளுக்கு முன், பேலியோசீன் காலத்தில், சதுப்புநிலக் காடுகள் புதைந்து உண்டானது. அக்காலத்தில் ஸ்வால்பார்டின் தட்பவெப்பம் மரங்கள் செழிக்கும் அளவுக்கு மிதமாக இருந்தது. காற்றிலிருந்த கார்பன் மரமாகி, மரம் மக்காமல் மண்ணுக்கடியில் அழுந்தி, நிலக்கரிப் படுகையாக எஞ்சியது.

ஸ்வால்பார்டை 1596-ல் டச்சு மாலுமி வில்லெம் பேரன்ட்ஸ் கண்டார். 1610-ல் ஆங்கிலேயரான ஜோனஸ் பூல் இந்தக் கழியின் கரையில் நிலக்கரி இருப்பதைப் பதிவு செய்தார். அடுத்த ஆண்டுகளில் ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் திமிங்கில வேட்டைக்காக இக்கரைகளுக்குத் திரண்டனர். நிலக்கரி மூன்று நூற்றாண்டுகள் பெரும்பாலும் தொடப்படாமலே கிடந்தது.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எர்னஸ்ட் மேன்ஸ்ஃபீல்டு என்ற ஆங்கிலேயர் கழியின் வடபுறத்தில் உள்ள பிளோம்ஸ்ட்ராண்டில் சலவைக்கல் வெட்ட ஓர் ஊரையே அமைத்தார். 1911-ல் எழுந்த அந்த ஊர் நி-லண்டன் என்று அழைக்கப்பட்டது. பாறைகளின் விரிசல்களில் உறைந்திருந்த பனி உருகியதும் கல் பொடிப்பொடியாக உதிர்ந்தது, தொழில் நிலைக்கவில்லை. அங்கிருந்த வீடுகள் சில பின்னர் கழியின் தென்கரைக்கு மாற்றப்பட்டன. அதே பிளோம்ஸ்ட்ராண்டின் மேற்குக் கரையில் ஹான்ஸ்னெசெட் என்ற முனை இருக்கிறது. சலவைக்கல் தேடி வந்தவர்கள் கவனிக்காத அந்த முனையின் அடியில் உள்ள பாசிக் காடு, ஆர்க்டிக்கிலேயே மிக நுணுக்கமாக ஆராயப்பட்ட பாசிக் காடுகளுள் ஒன்றாகப் பிற்காலத்தில் ஆனது.

முதல் உலகப் போரின்போது நார்வேயில் நிலக்கரிக்குக் கடும் தட்டுப்பாடு. ஓலெசுண்ட் வட்டாரத்தைச் சேர்ந்த பீட்டர் பிரண்டாலும் கூட்டாளிகளும் கழியின் தென்கரையில் நிலத்தை வாங்கி, 1916-ல் கிங்ஸ் பே நிலக்கரிக் கம்பெனியைத் தொடங்கினர். சுரங்கத்தோடு எழுந்த குடியிருப்பு நி-ஓலெசுண்ட், அதாவது புதிய ஓலெசுண்ட், என்று பெயர் பெற்றது. சுரங்க வாயிலிலிருந்து துறைமுகம் வரை சிறு ரயில்பாதை போடப்பட்டது. அதன் நீராவி எஞ்சின் இன்றும் ஊரில் காட்சிக்கு நிற்கிறது. 1920-ல் பாரிஸில் கையெழுத்தான ஸ்வால்பார்டு ஒப்பந்தம் தீவுகளின் ஆட்சியுரிமையை நார்வேக்கு அளித்து, மற்ற கையெழுத்து நாடுகளின் குடிமக்களுக்கும் அங்கு தொழில் செய்யும் உரிமையைக் காத்தது. பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த இந்தியாவின் சார்பிலும் அதில் கையெழுத்து இடப்பட்டது. 1926 மே மாதத்தில் ருவால் அமுண்ட்சென், லிங்கன் எல்ஸ்வொர்த், உம்பர்ட்டோ நோபிலே ஆகியோர் நோர்கே என்ற வான்கப்பலில் வடதுருவத்தைக் கடக்கப் புறப்பட்டதும் இவ்வூரிலிருந்துதான்.

முதல் உலகப் போருக்குப் பின் நிலக்கரி விலை விழுந்தது. 1929-ல் சுரங்கம் நின்றது. பின்னர் நிறுவனம் நார்வே அரசின் கைக்கு வந்தது. இரண்டாம் உலகப் போரில் ஊர் காலி செய்யப்பட்டு, 1945-ல் சுரங்கம் மீண்டும் திறக்கப்பட்டது. இந்தப் படுகையில் மீத்தேன் வாயு மிகுதி. 1948-ல் நடந்த வெடிப்பில் 15 பேரும், 1952-ல் 9 பேரும், 1953-ல் 19 பேரும் உயிரிழந்தனர். 1962 நவம்பர் 5 அன்று நடந்த வெடிப்பில் 21 தொழிலாளர்கள் மாண்டனர். அரசு தன் பொறுப்பில் தவறிவிட்டது என்ற கண்டனம் நார்வே நாடாளுமன்றத்தில் எழுந்து, 1963 ஆகஸ்டில் ஐனார் கெர்ஹார்ட்சனின் அமைச்சரவை நம்பிக்கை வாக்கெடுப்பில் கவிழ்ந்தது. சுரங்கமும் நிரந்தரமாக மூடப்பட்டது. துருவத்து நிலக்கரியின் விலையை உயிராகக் கொடுத்தவர்களின் நினைவு இந்த ஊரின் வரலாற்றிலிருந்து பிரிக்க முடியாதது.

பாசிகளைத் தேடிய பயணங்கள்

நிலக்கரித் தொழில் தொடங்கும் முன்பே ஸ்வால்பார்டின் கடற்பாசிகள் அறிவியலின் பார்வைக்கு வந்துவிட்டன. 1850-களின் இறுதியிலிருந்து ஸ்வீடன் நாட்டு ஆய்வுப் பயணங்கள் ஸ்பிட்ஸ்பெர்கனுக்கு அடுத்தடுத்து வந்தன. அவை திரட்டிய பாசிகளை லுண்ட் பல்கலைக்கழகத்தின் யாக்கோப் கியோர்க் அகார்த் ஆராய்ந்து பெயரிட்டார். ஆர்க்டிக்கின் குளிர்ந்த நீரில் மட்டுமே வாழும் லாமினேரியா சாலிடுங்குலா என்ற கெல்ப்பை 1868-ல் அவர் விவரித்தார். மற்ற கெல்ப்புகள் கிளைத்த வேர் போன்ற பிடிப்புகளால் பாறையைப் பற்றிக்கொள்ள, இதன் அடிப்பாகம் வட்டமான தட்டாக அமைந்திருக்கும்.

ஃபிரான்ஸ் ரெய்ன்ஹோல்டு கெல்மன் என்ற உப்சாலா நகரத் தாவரவியலர் அடுத்த பெரிய அடியை எடுத்து வைத்தார். 1872-ல் அடால்ஃப் எரிக் நோர்டென்ஷெல்டு தலைமையில் புறப்பட்ட பயணத்தில் அவரும் சென்றார். பனிக்காலம் முழுவதும் ஒரே கப்பல் தங்குவதாகத் திட்டம். பொருள் இறக்கிவிட்டுத் திரும்பவேண்டிய மற்ற இரண்டு கப்பல்களும் கடற்பனியில் சிக்கிக்கொண்டன. மூன்று கப்பல்களின் ஆட்களும் ஸ்பிட்ஸ்பெர்கனின் வடகரையில் உள்ள மொசெல் விரிகுடாவில், உணவைப் பங்கிட்டுக்கொண்டு துருவ இரவைக் கழிக்க நேர்ந்தது.

அந்த நெருக்கடியிலும் கெல்மன் பனியில் துளையிட்டு, வாரிவலையால் கடலடியிலிருந்து பாசிகளை மேலே கொண்டுவந்து, விளக்கொளியில் ஆராய்ந்தார். நீரின் வெப்பநிலை உறைநிலைக்கும் கீழே. வெளியே நண்பகலிலும் இருள். பாசிகள் உறங்கிக் கிடக்கும் என்றே எவரும் நினைத்திருப்பர். அவர் கண்டதோ புதிய திசுக்கள் வளர்வதையும், பல இனங்கள் இனப்பெருக்க உறுப்புகளைத் தாங்கி வித்துகளை வெளியிடுவதையும். துருவக் கடற்பாசியின் ஆண்டு குளிர்காலத்தில் நின்றுவிடுவதில்லை என்பது இதனால் முதன்முறையாகப் பதிவானது. 1875-ல் இந்த முடிவுகளை அவர் வெளியிட்டார். பின்னர் 1878–80-ல் வேகா கப்பலில் ஆசியாவின் வடகரை நெடுகச் சென்ற பயணத்திலும் பாசி சேகரித்து, 1883-ல் ஆர்க்டிக் கடலின் பாசிகள் பற்றிய பெருநூலை வெளியிட்டார். ஒரு நூற்றாண்டுக் காலம் அத்துறையில் முதலில் புரட்டப்பட்ட நூல் அது.

அதன்பின் நெடுங்காலம் முன்னேற்றம் மெதுவாகவே இருந்தது. வாரிவலை கடலடியைக் கண்மூடித்தனமாகச் சுரண்டும். எந்தப் பாறையில், எந்த ஆழத்தில், ஒரு சதுர மீட்டரில் எத்தனை பாசி என்பதை அது சொல்லாது. 1943-ல் பிரான்ஸில் உருவான மூச்சுக்கருவி ஆய்வாளரையே கடலடிக்கு அனுப்பியது. குளிர்நீருக்கான உலர் உடைகள் வந்தபின் ஆர்க்டிக்கிலும் அளவுச்சட்டத்தை வைத்துப் பாசியைக் கத்தரித்து எடை போடும் முறை சாத்தியமாயிற்று. கார்பன் கணக்கின் தொடக்கம் அந்தச் சட்டமும் தராசுமே.

இருளில் வளரும் பாசி

கெல்மன் கண்டது எப்படி நிகழ்கிறது என்பதற்கு விடை அமெரிக்காவின் வடகரையிலிருந்தும் கனடாவின் ஆர்க்டிக்கிலிருந்தும் வந்தது. அலாஸ்காவின் புரூடோ விரிகுடாவுக்கு அருகே, சேற்றுப் படுகையான கடலடியில் கற்கள் நிறைந்த ஒரு பரப்பு 1970-களில் கண்டறியப்பட்டது. அங்குள்ள கெல்ப் படுகையில் கென் டண்டனும் உடன் ஆய்வாளர்களும் ஆண்டு முழுவதும் மூழ்கி அளந்தனர்.

லாமினேரியா சாலிடுங்குலாவின் ஓலையில் ஒவ்வோர் ஆண்டின் வளர்ச்சியும் ஒரு துண்டாக அமைந்து, அடுத்த ஆண்டின் துண்டோடு சேருமிடத்தில் இடுங்கியிருக்கும். ஒரு செடியைக் கையில் எடுத்தால் சென்ற ஆண்டு, அதற்கு முந்தைய ஆண்டு என்று வளர்ச்சியை அளவுகோல் வைத்துப் படித்துவிடலாம். இப்படி அளந்ததில், ஆண்டு வளர்ச்சியில் ஏறத்தாழ 90 விழுக்காடு கடற்பனிப் போர்வையின் அடியில், இருளில் நடப்பது தெரிந்தது. கோடையின் சில வாரங்களில் கிடைக்கும் ஒளியில் பாசி ஒளிச்சேர்க்கை செய்து, உண்டான சர்க்கரையை லாமினரன் என்ற மாவுப்பொருளாகத் தன் உடலில் சேர்க்கிறது. அறுவடை நெல்லைக் குதிரில் கொட்டி வைத்து ஆண்டெல்லாம் எடுத்துண்பதைப் போன்றது இது. நீரில் நைட்ரேட் உப்புகள் மிகுந்திருப்பது குளிர்காலத்தில்தான். கோடையில் சேர்த்த கார்பனையும் குளிர்காலத்தில் கிடைக்கும் நைட்ரஜனையும் இணைத்துப் பாசி இருட்டில் புதிய ஓலையை நெய்கிறது. ஒளி திரும்பும்போது அந்த ஓலை தயாராக விரிந்து நிற்கும்.

1987-ல் வெளியான மற்றோர் ஆய்வு கார்பன் சுழற்சிக்கு நேரடியாகப் பொருந்துவது. கெல்ப்பின் கார்பனுக்கும் மிதவைப் பாசிகளின் கார்பனுக்கும் இடையே கனமான ஐசோடோப்பின் விகிதம் சற்று மாறுபடும். அந்த வேறுபாட்டை அடையாளமாகக் கொண்டு அலாஸ்காப் படுகையின் உயிரினங்களைச் சோதித்ததில், மிதவைப் பாசிகள் கிடைக்காத இருண்ட மாதங்களில் பல விலங்குகள் கெல்ப்பிலிருந்து வந்த கார்பனை நம்பி வாழ்வது தெரிந்தது. குறுகிய வசந்தத்தில் பெருகி அடங்கும் மிதவைப் பாசிகளுக்கு நடுவே, ஆண்டு முழுவதும் கார்பனைக் கையிருப்பில் வைத்திருந்து சிறுகச் சிறுகக் கடலுக்குத் தருவது துருவக் கெல்ப்பின் தனிப்பணி.

சுரங்க ஊர் ஆய்வு ஊரானது

சுரங்கம் மூடியபின் நி-ஓலெசுண்டில் வீடுகளும் துறைமுகமும் மின்நிலையமும் எஞ்சின. இவ்வளவு வடக்கே இத்தகைய வசதிகள் அரிது. 1960-களில் ஐரோப்பிய செயற்கைக்கோள் தொடர்பு நிலையம் வந்தது. 1968-ல் நார்வே துருவ நிறுவனம் நிரந்தர ஆய்வு நிலையத்தை அமைத்தது. ஊரை நடத்தும் பொறுப்பு பழைய கிங்ஸ் பே நிறுவனத்திடமே இருந்தது. நிலக்கரி வெட்டியவர்களின் குடியிருப்பு ஆய்வாளர்களின் விடுதியானது.

1990-ல் ஊருக்கு மேலே உள்ள செப்பலின் மலையில், 475 மீட்டர் உயரத்தில், காற்றின் சேர்க்கையை அளக்கும் நிலையம் திறக்கப்பட்டது. நிலக்கரி யுகத்துக்கு முன் காற்றில் பத்து லட்சம் பங்கில் சுமார் 280 பங்காக இருந்த கார்பன் டை ஆக்சைடு இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. உலகின் சுரங்கங்கள் காற்றில் சேர்த்த சுமையை, ஒரு பழைய சுரங்க ஊரின் தலைமேல் நின்று அந்நிலையம் பதிவு செய்துவருகிறது.

1991-ல் ஜெர்மனி தன் நிலையத்தைத் திறந்தது. அதைத் தளமாகக் கொண்டு கிறிஸ்டியன் வீன்கே முதலிய பாசியியலர் கோங்ஸ்ஃபியோர்டின் பாசிகளை ஒளி, வெப்பம், உப்புத்தன்மை, புற ஊதாக் கதிர் என ஒவ்வொரு கோணத்திலும் ஆராய்ந்தனர். 2005-ல் துறைமுகத்தருகே கடலியல் ஆய்வகம் வந்தது. இந்தியாவின் முதல் ஆர்க்டிக் பயணம் 2007-ல் இங்கு வந்தது; 2008 ஜூலை 1 அன்று இந்திய நிலையமான ஹிமாத்ரி திறக்கப்பட்டது. சென்னையில் உள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் பங்கேற்று உருவாக்கிய இண்டார்க் என்ற நங்கூரமிட்ட கருவித்தொகுதி 2014 ஜூலையில் இந்தக் கழியில் இறக்கப்பட்டது. 192 மீட்டர் ஆழமுள்ள இடத்தில் நின்று, நீரின் வெப்பநிலை, உப்புத்தன்மை, ஓட்டம் முதலியவற்றைக் கோடையிலும் துருவ இரவிலும் பதிவு செய்ய அது அமைக்கப்பட்டது. அட்லாண்டிக் நீர் எப்போது, எவ்வளவு உள்ளே வருகிறது என்பதை அறிய இத்தகைய தொடர் பதிவுகள் இன்றியமையாதவை; பாசிக் காட்டின் கதி அந்த நீரைப் பொறுத்திருக்கிறது.

படங்களும் தராசும்

துருவக் கடலின் மாற்றத்தைச் சொல்ல ஒரே இடத்தைப் பல்லாண்டு பார்க்கவேண்டும். கோங்ஸ்ஃபியோர்டில் இது இரண்டு வழிகளில் நடந்தது.

முதலாவது, படம். 1980-லிருந்து நார்வே ஆய்வாளர்கள் கோங்ஸ்ஃபியோர்டிலும் வடக்கே ஸ்மேரன்பர்க்ஃபியோர்டிலும் கடலடிப் பாறையில் இடங்களைக் குறித்து, ஆண்டுதோறும் அதே இடங்களைப் படம் எடுத்தனர். 30 ஆண்டுப் படங்களை ஆராய்ந்த கட்டுரை 2012-ல் வெளியானது. தொடக்க ஆண்டுகளில் அந்தப் பாறைகளில் சுண்ணச் செம்பாசியும் கடல் சாமந்திகளும் பரவியிருந்தன; ஓலைப் பாசிகள் குறைவு. 1995-ஐ ஒட்டி கோங்ஸ்ஃபியோர்டில் பாசிப் போர்வை ஏறத்தாழ ஐந்து மடங்காகத் திடீரென உயர்ந்தது. 2000-ஐ ஒட்டி ஸ்மேரன்பர்க்ஃபியோர்டில் எட்டு மடங்காயிற்று. நீரின் வெப்பமும் பனியற்ற நாட்களும் படிப்படியாகவே கூடிவந்தன. உயிரினச் சமூகமோ ஒரு வரம்பு வரை தாங்கி நின்று, பிறகு ஒரே பாய்ச்சலில் மாறியது.

இரண்டாவது, தராசு. 1996–98-ல் ஹான்ஸ்னெசெட்டில் மூழ்கிய ஆய்வாளர்கள் குறிப்பிட்ட ஆழங்களில் சட்டம் வைத்து, அதற்குள் இருந்த பாசி முழுவதையும் வெட்டி எடுத்து இனம் பிரித்து எடை போட்டனர். 2012–14-ல் அதே இடத்தில் அதே முறையில் அளவீடு திரும்பச் செய்யப்பட்டது. ஆழம் குறைந்த பகுதியில் பாசியின் எடை பல மடங்கு கூடியிருந்தது. முன்பு ஏறத்தாழ 5 மீட்டர் ஆழத்தில் இருந்த உச்ச அடர்த்தி 2.5 மீட்டருக்கு ஏறியிருந்தது. காட்டின் கீழ் எல்லையோ மேல்நோக்கிச் சுருங்கியிருந்தது.

இரண்டுக்கும் காரணம் ஒன்றே: வெப்பம். முன்பெல்லாம் குளிர்காலக் கடற்பனி கரைப் பாறைகளில் உராய்ந்து, ஆழம் குறைந்த இடங்களின் பாசிகளைச் சிரைத்துவிடும். 2006-ஐ ஒட்டி அட்லாண்டிக் நீரின் வரவு கூடியதிலிருந்து கழியில் பனி உறைவது மிகவும் குறைந்துவிட்டது. சிரைக்கப்படாத பாறைகளில் கெல்ப் நிலைத்தது. மறுபுறம், உருகும் பனியாறுகள் அதிக வண்டலைக் கொட்டி நீரைக் கலக்குகின்றன. ஒளி முன்போல் ஆழத்துக்குச் செல்லாததால் அடியில் நின்ற பாசிகள் பின்வாங்குகின்றன. மேலே வாழ்வும் கீழே நெருக்கடியும் ஒரே காட்டில் ஒரே நேரத்தில் நடக்கின்றன.

காட்டை விட்டு வெளியேறும் கார்பன்

கடற்பாசிகள் நீரில் கரைந்துள்ள கார்பன் டை ஆக்சைடையும் பைகார்பனேட்டையும் எடுத்து உடலாக்குகின்றன. நீரில் குறைந்ததை மேற்பரப்பு காற்றிலிருந்து ஈடுசெய்கிறது. ஆனால் உடலாக்கிய கார்பன் அனைத்தும் காற்றிலிருந்து நீங்கிவிட்டதாகக் கொள்ள முடியாது. ஒரு பகுதியைப் பாசியே சுவாசித்துத் திருப்பிவிடுகிறது. ஒரு பகுதியைக் கடல் முள்ளெலியும் நத்தையும் மேய்கின்றன. ஒரு பகுதி கரிமப் பொருளாக நீரில் கசிகிறது. கெல்ப் உற்பத்தியில் 80 விழுக்காட்டுக்கு மேல் மேயப்படாமல் சிதைவுப் பொருளாக மாறுகிறது: ஓலையின் நுனி தேய்ந்து உதிர்கிறது, பருவத்தில் பழைய ஓலை கழல்கிறது, புயலில் செடி முழுவதும் பெயர்ந்து, சில வேளை பற்றியிருந்த கல்லோடு சேர்ந்தே, நீரோட்டத்தில் போகிறது. போகும் இடம் ஆழ்கடலானால், மட்கினாலும் அந்தக் கார்பன் மேற்பரப்பை மீண்டும் எட்ட நீண்ட காலமாகும். வண்டலில் புதைந்தால் அதைவிட நீண்ட காலம்.

கடற்பாசிகள் கார்பனைத் தேக்கக்கூடும் என்ற கருத்தை 1981-லேயே ஸ்டீபன் ஸ்மித் முன்வைத்தார். ஆனால் 2009-ல் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் அறிக்கை நீலக் கார்பன் என்ற கருத்தைப் பரப்பியபோது, அலையாத்திக் காடுகளும் உப்புச் சதுப்புகளும் கடற்புல் வெளிகளுமே அதில் இடம்பெற்றன. அவை தாம் நிற்கும் மண்ணிலேயே கார்பனைப் புதைக்கின்றன, அளப்பது எளிது. கடற்பாசி பாறையில் வளர்வது. அதன் அடியில் புதைக்க மண் இல்லை. அதனால் அது கணக்குக்கு வெளியே நின்றது. 2016-ல் டோர்தே கிராஸெ-யென்சனும் கார்லோஸ் துவார்ட்டேயும் கிடைத்த தரவுகளைத் தொகுத்து, உலகக் கடற்பாசிகள் ஆண்டுக்குச் சுமார் 17.3 கோடி டன் கார்பனைத் தேக்குகின்றன என்று மதிப்பிட்டனர். இது உற்பத்தியில் ஏறத்தாழ 11 விழுக்காடு. தேக்கத்தின் பெரும்பகுதி பாசிப் படுகைக்கு வெகு தொலைவில், ஆழ்கடலில் நிகழ்கிறது என்பதே அவர்கள் முடிவின் சாரம். 2024-ல் கேரன் ஃபில்பீ-டெக்ஸ்டரும் குழுவினரும் நீரோட்ட மாதிரிகளைக் கொண்டு வேறு வழியில் கணக்கிட்டு, 200 மீட்டருக்குக் கீழ் செல்வது ஆண்டுக்கு 5.6 கோடி டன், அதாவது கடலின் கார்பன் தேக்கும் திறனில் 3 முதல் 4 விழுக்காடு, என்று கண்டனர். எதை எண்ணுவது, எங்கே எல்லை வைப்பது என்பதைப் பொறுத்து எண்கள் விலகுகின்றன.

துருவக் கடல் இந்தக் கணக்கில் தனி இடம் பெறுவதற்கு மூன்று காரணங்கள் உள்ளன. முதலாவது, குளிர். வட அரைக்கோளத்தின் பல கரைகளில் கெல்ப் துண்டுகளைப் பைகளில் கட்டிக் கடலடியில் வைத்துச் செய்த சோதனை, குளிர்ந்த நீரில் அவை மெதுவாகவே மட்குவதை 2022-ல் காட்டியது. மெதுவாக மட்கும் துண்டு அதிக தூரம் போகும்; அதிக ஆழம் சேரும். இரண்டாவது, கழியின் வடிவம். கோங்ஸ்ஃபியோர்டு போன்ற இடங்களில் பாசிப் பாறைக்குச் சற்றுத் தள்ளியே ஆழம் காத்திருக்கிறது. மூன்றாவது, பனியாறுகள் கொட்டும் வண்டல். ஒளியை மறைத்துப் பாசியை வாட்டும் அதே வண்டல், அடியில் வந்து சேர்ந்த துண்டுகளை விரைவாக மூடவும் வல்லது. ஸ்வால்பார்டு ஃபியோர்டு ஒன்றின் கடலடி விலங்குகளை ஆராய்ந்து 2015-ல் வெளியான ஆய்வு, பாசி வளர முடியாத ஆழத்து விலங்குகளின் உணவிலும் பாசிக் கார்பன் கலந்திருப்பதைக் காட்டியது. கரைக்காட்டுக்கும் ஆழத்துக்கும் இடையே கார்பன் தொடர்ந்து இறங்குகிறது என்பதற்கு அது சான்று.

தென்துருவத்தில் காடு வேறு, கதை ஏறத்தாழ இதே. அண்டார்க்டிக்காவில் உண்மையான கெல்ப் இனங்கள் இல்லை. அவற்றின் இடத்தில் டெஸ்மரெஸ்டியாவும், பத்து மீட்டரையும் தாண்டி நீளும் ஹிமன்டோதாலஸும் கடலடியைப் போர்த்துகின்றன. கிங் ஜார்ஜ் தீவில் உள்ள பாட்டர் கோவ் என்ற சிறு விரிகுடாவில் பனியாறு பின்வாங்கியதும் வெளிப்பட்ட பாறைகளில் பாசிகள் குடியேறுவதை அர்ஜென்டினா, ஜெர்மானிய ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். புதிய பாறை கிடைப்பதும் நீர் கலங்கி ஒளி குறைவதும் அங்கும் சேர்ந்தே நடக்கின்றன.

வெப்பமாகும் கடலில் கணக்கு

ஆர்க்டிக் வெப்பமாக, பனி விலகிய கரைகளில் பாசிக் காடுகள் பெருகும். ஆகவே கார்பன் தேக்கமும் பெருகும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. கோங்ஸ்ஃபியோர்டின் அனுபவம் அந்த எதிர்பார்ப்பைத் திருத்துகிறது. ஆழம் குறைந்த இடத்தில் எடை கூடினாலும் காட்டின் கீழ்ப்பகுதி சுருங்குகிறது. நீர் வெப்பமானால் உதிர்ந்த துண்டுகள் வேகமாக மட்கி, ஆழம் சேரும் முன்பே கார்பனைத் திருப்பிவிடும். குளிர்ந்த நீரை விட்டு வாழ முடியாத லாமினேரியா சாலிடுங்குலா போன்ற இனங்கள், வடக்கே வரும் அட்லாண்டிக் இனங்களுக்கு இடம் விட்டு ஒதுங்க நேரும். காட்டின் பரப்பை மட்டும் அளந்தால் லாபமாகத் தெரிவது, துண்டுகளைத் தொடர்ந்து சென்று அளந்தால் நட்டமாகவும் முடியலாம்.

அளவின் வேறுபாட்டையும் மறக்கக்கூடாது. உலகில் நிலக்கரி, எண்ணெய், எரிவாயுவை எரிப்பதால் ஆண்டுதோறும் ஏறத்தாழ 1,000 கோடி டன் கார்பன் காற்றில் சேருகிறது. உலகக் கடற்பாசிகள் அனைத்தும் சேர்ந்து தேக்குவதாகச் சொல்லப்படும் உயர்ந்த மதிப்பீடுகளும் அதில் ஒரு சிறு பங்கே. சதுப்புக் காடுகள் நிலக்கரியாகப் புதைத்துக் கோடிக்கணக்கான ஆண்டுகள் காத்துவைத்த கார்பனைச் சில தலைமுறைகளில் எரித்துவிட்டு, அந்தக் கடனைப் பாசிகள் தலையில் ஏற்ற முடியாது. பாசிக் காடுகள் காக்கப்படவேண்டியவை. மீன்களுக்கும் கடலடி விலங்குகளுக்கும் அவை உறைவிடம். இருண்ட மாதங்களில் உணவு. கார்பன் சுழற்சியில் கரைக்கும் ஆழத்துக்கும் இடையே இயங்கும் ஒரு நிலையான பாதை. அந்தப் பாதை எவ்வளவு சுமக்கிறது, வெப்பம் கூடும்போது எவ்வளவு சுமக்கும் என்பதைத் துல்லியமாகச் சொல்ல, ஹான்ஸ்னெசெட்டில் செய்ததைப் போல அதே பாறைக்குத் திரும்பத் திரும்பச் சென்று எடை போடும் பொறுமையும், காட்டை விட்டு வெளியேறும் துண்டுகளைக் கழியின் அடிவரை தொடரும் அளவீடும் சேர்ந்து நடக்கவேண்டும்.